ஒன்பதாவது கையெழுத்து

தீர்மான நோட்டு ஆவுடைத்தாயிடமிருந்துதான் புறப்பட்டது. தலைமையாசிரியர் ஞானதுரை அதைத் திறந்து, எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே விரலை வைத்து, இங்கே போடுங்கம்மா என்று அவள் முன்னால் நகர்த்தினார். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஆவுடைத்தாய் உறுப்பினர் கிடையாது. சிறப்பு அழைப்பாளர் என்று பெயர் போட்டு, பீடி சுற்றிக்கொண்டிருந்தவளைக் காலையிலேயே ஆள் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளே முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டால் அப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று ஞானதுரை சார் நினைத்திருக்க வேண்டும். அந்த அறையில் யாரும் வாயைத் திறக்கிற மாதிரியும் தெரியவில்லை. ஆனால் ஆவுடைத்தாய் பேனாவை வாங்கிக்கொண்டு உடனே போட்டுவிடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த டி.எஸ்.பி.யைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னைக்குத் துப்பாக்கிக்காரரு இங்கன நின்னிருந்தா எம் பிள்ள இருந்திருப்பானா சார்?" டி.எஸ்.பி. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நிச்சயமா இருந்திருப்பான்மா" என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு அவள் குனிந்து தன் பெயரை எழுதினாள். ஆ எழுதி, வு எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவை எடுத்து எடுத்து வைத்து எழுதினாள். மேஜைகளைச் சுற்றி ப வடிவில் போட்டிருந்த பெஞ்சுகளின் மறுகோடியில் உட்கார்ந்து குழல்வாய்மொழி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடைத்தாயிடமிருந்து எண்ணினால் அவள் ஒன்பதாவது ஆள். இருபத்திரண்டு வருடம் கணக்கு நடத்தியவளுக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது, படிகளை எண்ணுவாள், பேருந்தில் தலைகளை எண்ணுவாள், எண்ண வேண்டாம் என்று ஒன்றை ஒதுக்கி வைத்தால் அதைத்தான் முதலில் எண்ணுவாள். ஏழா எட்டா. இப்போது அது வேண்டாம். நோட்டு தன்னிடம் வருவதற்குள் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள்.

தீர்மானத்தை ஞானதுரை சார் சத்தமாக வாசித்தபோது அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மாணவ மாணவியரின் பாதுகாப்பை முன்னிட்டு, பள்ளி வளாகத்துக்குள் ஆயுதம் ஏந்திய காவலர் இருவரை நிரந்தரமாக நியமிக்கக் கோருவது என்றும், அவர்கள் தங்குவதற்குப் பழைய கம்ப்யூட்டர் அறையை ஒழித்துக் கொடுப்பது என்றும் இருந்தது. ஜூலையில் அது நடந்த பிறகு இரண்டு மாதம் கேட்டில் போலீஸ் நின்றது, அப்புறம் எடுத்துவிட்டார்கள், போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய பைக்குள் அட்லஸுக்கும் டிபன் டப்பாவுக்கும் நடுவில் ஒரு அரிவாள் இருந்தது, அதனால் மறுபடியும் கேட்கிறார்கள், இந்த முறை கேட்டில் இல்லை, உள்ளே. இதில் என்ன தப்பு. குழல்வாய்மொழி தனக்குத்தானே ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான், அவளுக்குத் துப்பாக்கி வேண்டும். மற்ற எல்லாரையும்விட அவளுக்கு வேண்டும். வராந்தாவின் அந்த முனையில் ஒருவர் துப்பாக்கியோடு நிற்கட்டும், வருகிறவனை அவர் பார்த்துக்கொள்ளட்டும், யார் உள்ளே யார் வெளியே என்று அவர் தீர்மானிக்கட்டும், சம்பளம் வாங்கிக்கொண்டு அவர் தீர்மானிக்கட்டும், கணக்கு டீச்சர் கையில் சாக்பீஸோடு நின்று அதைத் தீர்மானிக்க வேண்டாம். இந்த நினைப்பு வந்ததும் உடம்பெல்லாம் ஒரு தளர்ச்சி, காய்ச்சல் விட்ட மறுநாள் வருமே அந்த மாதிரி. அந்தத் தளர்ச்சிக்குள்ளேயே, அதன் அடியிலேயே, தட்டுகிற சத்தம். உள்ளங்கையை விரித்து வைத்துத் தட்டுகிற சத்தம். விரல் முட்டியால் தட்டினால் மரம் கூர்மையாகச் சத்தம் போடும், இது அப்படியில்லை, மொத்தென்று, ஈரத்துணியை அறைகிற மாதிரி. அது ஏன் ஈரமாகக் கேட்டது என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது, கதவைத் திறந்த பிறகு, கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்த பிறகு.

இரண்டு இருபது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடு, பதினொன்று பி, நாற்பத்தொரு பேர், ஒருத்தரும் லீவு இல்லை. சைன் கூட்டல் சூத்திரத்தைக் கரும்பலகையில் பாதி எழுதியிருந்தாள். முதலில் மாடிப்படியில் ஓடுகிற கால்கள், பையன்கள்தான், எப்போதும் ஓடுகிறவர்கள்தான், திரும்பிப் பார்க்காமலே ஏய் என்று அதட்டினாள். அப்புறம் ஒரு சத்தம். அலறல் என்று சொல்ல முடியாது, மாடு கத்துகிற மாதிரி ஒன்று. அவள் வாசலுக்குப் போய்த் தலையை நீட்டினாள். நீள வராந்தாவின் அந்தக் கோடியில் வெள்ளைச் சட்டையாக நான்கைந்து பேர், ஒன்றாகச் சேர்ந்து, பிரிந்து, ஒரு கை மேலே போனது, அந்தக் கையில் வெயில் பட்டு எதுவோ மின்னியது. எல்லாம் யூனிபாரம். எவன் வெட்டுகிறவன் எவன் வெட்டுப்படுகிறவன் என்று தெரியாது. அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் துருவேறி எப்போதும் இறங்காது, பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருக்கும், அன்றைக்கு அவள் ஒரு கையால் இழுத்தாள், இறங்கிவிட்டது. பெஞ்சுக்குக் கீழே உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள். நாற்பத்தொரு பேரும் உட்கார்ந்தார்கள். ஒரு பேனா உருண்டு விழுந்த சத்தம்கூடக் கேட்டது. ஓடுகிற கால்கள் கிட்டே வந்தன. அப்புறம் தட்டினான். ஏழா எட்டா. முதலில் மூன்று வேகமாக, நடுவில் ஒரு சின்ன இடைவெளி, பிறகு நாலோ ஐந்தோ. முதல் பெஞ்சில் இருந்த மெர்சி ஜெபா தலையைத் தூக்கி, டீச்சர் கதவு என்றாள், அவ்வளவுதான் சொன்னாள். குழல்வாய்மொழி வாயில் விரலை வைத்தாள். அப்புறம் வெளியே அவன் ஒன்று சொன்னான். அதன் பிறகு இழுபடுகிற சத்தம். அவன் சொன்னதை இப்போது நினைக்க வேண்டாம். நோட்டு எங்கே இருக்கிறது பார்.

நோட்டு பரமசிவனிடம் வந்து நின்றிருந்தது. பரமசிவன் மேலத்தெருக்காரர், லோடு வேன் ஓட்டுகிறவர், மகள் பத்தாம் வகுப்பு. வெட்டிய மூன்று பையன்களும் மேலத்தெரு. வெட்டுப்பட்ட ஹரிசுதன் தெற்குத்தெரு. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னதில் ஆரம்பித்தது என்று பிறகு சொன்னார்கள், ஆனால் அது அந்தப் பஸ்ஸில் ஆரம்பித்த சமாசாரம் இல்லை என்பது அந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். பரமசிவன் நோட்டைப் பார்த்துக்கொண்டே, ஒரு சந்தேகம் சார் என்றார். துப்பாக்கி எந்தப் பக்கம் பார்த்து இருக்கும் என்று கேட்டார். டி.எஸ்.பி.க்குப் புரியவில்லை. கேட்டுக்கு வெளியே பார்த்தா, உள்ளே பார்த்தா என்று மறுபடி கேட்டார் பரமசிவன். வெளியிலிருந்து யாரும் புகுந்துவிடாமல் இருக்கத்தான் என்று டி.எஸ்.பி. பொறுமையாக விளக்கினார், வளாகப் பாதுகாப்பு, சி.சி.டி.வி., வருகைப் பதிவேடு என்று அடுக்கினார். பரமசிவன் தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "வெட்டுனவனுவ வெளியில இருந்து வரலயே சார். காலையில பிரேயருக்கு நின்னவனுவதான." ஆவுடைத்தாய் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, தன் கையெழுத்து காயட்டும் என்று காத்திருக்கிறவள் மாதிரி மேஜையையே பார்த்தாள். பரமசிவன் பேனாவைத் திறந்தார். அந்தத் தெருக்காரன் ஒருத்தன் இதில் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். போட்டார். பக்கத்தில் இருந்த குழுத்தலைவி படித்துக்கூடப் பார்க்காமல் போட்டாள், அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இங்கே, இரவெல்லாம் தூக்கம் வருவதில்லை என்று குழல்வாய்மொழியிடமே சொல்லியிருக்கிறாள். ஒவ்வொருத்தருக்கும் போடுவதற்கு ஒரு பயம் கைவசம் இருந்தது. ஞானதுரை சாருக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம், மறுபடி ஏதாவது நடந்தால் தன் தலையில் விழக்கூடாது, போலீஸ் தலையில் விழட்டும். நான்கு கையெழுத்து ஆகிவிட்டது.

பிரேயருக்கு நின்றவர்கள். அந்த மூன்று பேரில் ஒருவன் பிரவீன்ராஜ், அவன் பிரேயருக்கு நின்றான், அவள் பார்த்தாள், சட்டையை உள்ளே விட்டுக்கொள் என்றுகூடச் சொன்னாள், அவனும் விட்டுக்கொண்டான். சட்டையை உள்ளே விட்டபோது முதுகுப்பக்கம் அரிவாள் இருந்திருக்காது, பையில்தான் இருந்திருக்கும். ஆறாம் வகுப்பில் அவனுக்கு அவள்தான் வகுப்பாசிரியை. ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவான், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு ஒன்று என்று நினைத்துவிடுவீர்களே டீச்சர் என்றான், மற்றவர்கள் தன்னைத் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். இப்போது கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். அங்கேயும் கணக்கு எழுதினால் ஏழுக்குக் கோடு போடுவானாயிருக்கும். அவனைச் சுட்டிருப்பார்களா. துப்பாக்கிக்காரர் வராந்தாவின் முனையில் நின்றிருந்தால் பிரவீன்ராஜைச் சுட்டிருப்பார், அப்படித்தானே அர்த்தம், ஆவுடைத்தாயிடம் டி.எஸ்.பி. நிச்சயமாக என்று சொன்னதற்கு அதைத் தவிர என்ன அர்த்தம் இருக்க முடியும், ஒரு பையன் இருந்திருப்பான் என்றால் இன்னொரு பையன் இருந்திருக்க மாட்டான், அதை அந்த அறையில் யாரும் முழுதாகச் சொல்லவில்லை. சுட்டிருக்கட்டும் என்று ஒரு குரல் அவளுக்குள்ளேயே சொன்னது. உடனே அந்த ஏழும் அதன் கோடும் கண்ணில் வந்து நின்றன. அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து, குடிக்காமல் மூடினாள்.

ஆகஸ்டில் கேட்டில் நின்ற கான்ஸ்டபிள் அருள்தாஸுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, துப்பாக்கியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முதல் வாரம் பிள்ளைகள் அவனை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு போனார்கள், இரண்டாம் வாரம் குட் மார்னிங் சார் என்றார்கள், மூன்றாம் வாரம் துப்பாக்கி சத்துணவுக்கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்க, அவன் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அவளே பார்த்தாள். அப்புறம் காலாண்டுத் தேர்வு. ஏழாம் வகுப்பு ஷிபானா பஸ்ஸைத் தவறவிட்டு, பெல் அடித்துவிட்டது என்று கழிப்பறைக்குப் பின்னால் இடிந்து கிடக்கும் சுவர் வழியாக ஏறிக் குதித்து ஓடி வந்தாள். அருள்தாஸ் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். நில் என்று கத்தினானாம், அது யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் பெண் நின்றுவிட்டாள். பரீட்சை அட்டையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள், காலடியில் மணல் நனைந்துகொண்டே போனது. வேறொன்றும் நடக்கவில்லை. அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள், வேறொரு நாள் தேர்வு எழுதிக்கொடுத்தாள், யாரும் புகார் எழுதவில்லை. அருள்தாஸ்தான் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டான். அப்போது அங்கே குழல்வாய்மொழி மட்டும்தான் இருந்தாள். டம்ளரில் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். தனக்கும் அந்த வயதில் தங்கச்சி இருக்கிறாள் என்றான். கை தானாகப் போய்விட்டது என்றான். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவள் கேட்காமலே சொன்னான்: "நான் அந்தப் பிள்ளையப் பாக்கவே இல்ல டீச்சர். ஓடுறத மட்டுந்தான் பாத்தேன்." அவள் டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தாள். சொல்வதற்கு இருந்தது. நானும் அவனைப் பார்க்கவில்லை தம்பி, தட்டுவதை மட்டும்தான் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது பொய்யாகியிருக்கும். பாதி பொய்.

அன்று வராந்தாவில் ஓடி வந்தது நான்கு பேர். முன்னால் ஒருவன், பின்னால் மூன்று பேர். எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை. முன்னால் வந்தவன் சட்டையில்தான் ரத்தம், அப்படியானால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ரத்தத்தோடு ஓடி வருகிறவன் யாராகத் தெரிவான். இதை அவள் எத்தனையோ தடவை மனதுக்குள் வரைந்து பார்த்திருக்கிறாள், வராந்தாவின் நீளம் நாற்பது மீட்டர், அருள்தாஸை இந்த முனையில் நிறுத்தினால் அவனை நோக்கி முதலில் வருவது ஹரிசுதன், அந்த முனையில் நிறுத்தினால் முதுகைக் காட்டி ஓடுவது பிரவீன்ராஜ், நடுவில் எங்கே நிறுத்தினாலும் ஏதோ ஒரு பையன் குறுக்கே வருகிறான். எந்த இடத்திலும் கணக்கு முடிவதில்லை. அப்புறம் அருள்தாஸை எடுத்துவிட்டுத் தன்னை நிறுத்திப் பார்ப்பாள். கதவைத் திறந்தால் அவன் உள்ளே விழுவான், அவன் பின்னால் மூன்று பேர் எத்தனை அடி தூரத்தில் வந்தார்கள், பத்தா, பதினைந்தா, திறக்க ஒரு நொடி, அவனை இழுக்க இரண்டு நொடி, சாத்த ஒரு நொடி, தாழ்ப்பாள் இறங்காவிட்டால், அது இறங்காத தாழ்ப்பாள், உள்ளே நாற்பத்தொரு பேர், அதில் பதினெட்டுப் பேர் தெற்குத்தெரு. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், சத்தம் கேட்டது, மாணவர் பாதுகாப்பு கருதிக் கதவைச் சாத்தினேன் என்று எழுதிக்கொடுத்தாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வராந்தா நெடுகச் சுவரிலும் கதவுகளிலும் ரத்தம் இருந்ததால் அவள் கதவைப் பற்றி யாரும் தனியாகக் கேட்கவில்லை. சமயோசிதமாக நடந்துகொண்ட ஆசிரியை என்று ஒரு செய்தித்தாளில் வந்தது, அவள் கணவர் அதை வெட்டி பீரோவுக்குள் வைத்தார். பிள்ளைகளைப் போலீஸ் கேட்டபோது நாற்பத்தொரு பேரும் கதவுக்கு வெளியே எதுவும் கேட்கவில்லை என்றார்கள். அப்படிச் சொல்லுங்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாயில் விரலை வைத்தாள், அவ்வளவுதான், அதை அவர்கள் இன்னும் எடுக்கவில்லை. மெர்சி ஜெபா மட்டும் அடுத்த மாதமே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நாசரேத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். சான்றிதழ் வாங்க வந்த அன்று ஆசிரியர் அறைக்கு வந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள், குழல்வாய்மொழியின் மேஜைக்கு வந்ததும் மேஜையின் மேல் இருந்த சாக்பீஸ் டப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

நோட்டு உடற்கல்வி ஆசிரியரிடம் இருந்தது. ஆறு. அடுத்தது வார்டு கவுன்சிலர், ஏழு. கவுன்சிலர் கையெழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்தார். குழல்வாய்மொழி ஆவுடைத்தாயைப் பார்க்காமல் இருப்பதற்காக ஜன்னலைப் பார்த்தாள், மழைக்கு மேகம் கட்டியிருந்தது, ஜன்னலைப் பார்த்தாலும் அந்த அம்மாளின் கறுப்புக் குடைதான் கம்பியில் மாட்டித் தொங்கியது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஹரிசுதன் பன்னிரண்டு நாள் கிடந்தான். வாய்க்குள் குழாய். ஐந்தாம் நாள் ஆசிரியர்கள் எல்லாரும் போனார்கள், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனார்கள், அதை யார் தின்பது என்று யாருக்கும் தோன்றவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்த ஆவுடைத்தாய் குழல்வாய்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்தாம் வகுப்பில் அவள்தானே அவனுக்குக் கணக்கு டீச்சர், எழுபத்தெட்டு வாங்க வைத்தவள், அந்த உரிமையில் பிடித்துக்கொண்டாள். ஒண்ணும் பேசமாட்டேங்கான் டீச்சர், கண்ணைக்கூடத் தெறக்கல, எதாவது ஒரு வார்த்த சொன்னாப் போதும் என்றாள். அந்தக் கையிலிருந்து பீடி இலை வாசம் வந்தது. சொல்லிவிடலாமா என்று அப்போதே நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வார்த்தை என்னிடம் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் கண் விழிக்கட்டும், அவனே சொல்லட்டும், என்னைப் பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தாள். இல்லை, அதுவும் பாதி பொய். அவன் கண் விழிக்கக் கூடாது என்று நினைத்தாள். ஐந்தாம் நாள் அந்த நடைபாதையில் அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அரை நிமிடம் இருக்கும், அப்படி நினைத்தாள். ஏழு நாள் கழித்து அப்படியே நடந்தது. நான்கு மாதமாகத் துப்பாக்கியைப் பற்றி யார் பேசினாலும், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ, டீ குடிக்கிற இடத்தில், பஸ்ஸில், வாட்ஸ்அப்பில், அவளுக்கு இந்த அரை நிமிடம்தான் நினைவுக்கு வருகிறது. இவ்வளவு பயந்த ஒருத்தி கையில் அன்றைக்கு ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள்.

நோட்டு வந்துவிட்டது. பக்கத்திலிருந்த உறுப்பினர் அதைத் தள்ளி வைத்து, பேனாவையும் மேலே வைத்தார். எட்டுக் கையெழுத்து வரிசையாக இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே ஆவுடைத்தாயின் எழுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல். ஒன்பது என்று எண் போட்டிருந்த இடம் காலியாக இருந்தது. போட்டுவிட்டால் முடிந்தது. போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அருள்தாஸ் பற்றிச் சொல்லலாம், ஷிபானா பற்றிச் சொல்லலாம், அதற்கு டி.எஸ்.பி. பயிற்சி என்று ஒரு பதில் வைத்திருப்பார். பிள்ளையைப் பறிகொடுத்தவளே போட்டிருக்கிறாள், உனக்கு என்ன என்று ஒரு பார்வை வரும். அவள் எதை நம்பிப் போட்டாள் என்று எனக்குத் தெரியும். துப்பாக்கிக்காரர் ஒருவர் இருந்தால் மட்டுமே பிழைத்திருப்பான், வேறு வழியே அவனுக்கு இருக்கவில்லை என்று நம்பிப் போட்டாள். வேறு வழி இருந்தது. அது மூன்றடி அகலம் இருந்தது, அதன் பின்னால் நான் நின்றேன். குழல்வாய்மொழி பேனாவை எடுத்தாள். டீச்சர், மணியாகுது என்றார் ஞானதுரை சார். அவள் பேனாவை மூடி நோட்டின் நடுமடிப்பில் வைத்தாள்.

என்னால் இதில் போட முடியாது சார் என்றாள். அந்த அம்மாவிடம் ஒன்று சொல்லாமல் யாரையும் போடச் சொல்லியிருக்கக் கூடாது என்றாள். ஞானதுரை சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆவுடைத்தாயைப் பார்த்தாள்.

"அவன் எங்கிட்டதாம்மா வந்தான். என் கிளாஸ் கதவத் தட்டினான். நான் தெறக்கல."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பரமசிவன் மட்டும் நிமிர்ந்து பார்த்தார், மற்றவர்கள் எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள். டி.எஸ்.பி. இது விசாரணை சம்பந்தப்பட்டது, இங்கே பேச வேண்டாம் என்றார். ஞானதுரை சார் எட்டி நோட்டை எடுத்து, ஒன்பதாவது இடத்தைத் தாண்டி, பத்தாவது ஆளிடம் கொடுத்தார், அவர் போட்டார். போட்டதும் ஞானதுரை சார் நோட்டை வாங்கி மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்தது என்று சொன்னார். பெஞ்சுகள் இழுபட்டன. திங்கட்கிழமை காவலர்கள் வந்துவிடுவார்கள், கம்ப்யூட்டர் அறையை நாளைக்கே ஒழிக்க வேண்டும் என்று வாசலில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று அன்றைக்கே எழுதப்பட்டது.

ஆவுடைத்தாய் எழுந்து, பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்து, குழல்வாய்மொழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று குழல்வாய்மொழி நினைத்தாள். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள்.

"என்ன சொல்லித் தட்டுனான்?"

நான்கு மாதமாக நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தது, தேட வேண்டியிருக்கவில்லை, அங்கேயேதான் இருந்தது. தட்டுவது யார் என்று தெரியாமல் டீச்சர் பயப்படுகிறார்கள், சொன்னால் திறந்துவிடுவார்கள் என்று அவன் நினைத்திருக்கிறான்.

"டீச்சர், ஹரிசுதன் டீச்சர். லெவன்த் சி. அப்படின்னு சொன்னான்."

"சத்தமாவா?"

"இல்லம்மா. தட்டினதுதான் சத்தமா. இத மெதுவாத்தான் சொன்னான். லேட்டா வந்து உள்ள வரலாமான்னு கேப்பாங்கள்ல, அப்படி."

ஆவுடைத்தாயின் உதடு அசைந்தது. பெயரையும் வகுப்பையும் அவள் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது, பிள்ளைகள் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினார்கள்.

"நீங்க தெறந்திருக்கணும் டீச்சர்."

நான்கு மாதமாக அவள் தலைக்குள் நடந்த வழக்கில் இதற்கு எத்தனையோ பதில்கள் இருந்தன, நாற்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள், துருவேறிய தாழ்ப்பாள் இருந்தது, நொடிக் கணக்கு இருந்தது. ஒன்றைக்கூட அவள் எடுக்கவில்லை.

"ஆமா" என்றாள்.

ஆவுடைத்தாய் எழுந்து போகவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மொதல்லருந்து சொல்லுங்க" என்றாள். "மணி எத்தன இருக்கும்?"